சாந்தமேரியும் தேக்கு அலமாரியும்

இக்னேஷியஸ் தன் மனைவியை அடிக்கும்போது முதலில் கையைத்தான் நீட்டுவார். கை வலித்த பிறகுதான் வீட்டுச் சாமான்களின் முறை வரும். கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்குள் இருந்த எந்தச் சாமானும் அதற்குத் தப்பியதில்லை. சாப்பாட்டு மேசையின் விளிம்பில் சாந்தமேரியின் முன்பல் ஒன்று உடைந்தது. மர ஸ்டூலின் கால் அவள் முதுகில் உடைந்தது. மறுநாள் இக்னேஷியஸே அதற்கு ஆணி அடித்துச் சரி செய்தார். அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவள் வெங்காயம் உரித்தாள்.

சாந்தமேரி பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ரயிலில் கார்டு. மகள் கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த ஒரே பெரிய சாமான் ஒரு தேக்கு அலமாரி. இரண்டு கதவு. வலது கதவில் ஆளுயரக் கண்ணாடி. நாலு ஆள் சேர்ந்தால்தான் நகரும். மாப்பிள்ளை துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், கோயில் பாட்டுக் குழுவில் நல்ல குரல், பார்க்க லட்சணமானவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் எதுவும் பொய் இல்லை.

முதல் அடி கல்யாணமான நாலாம் மாதம் விழுந்தது. குப்பை லோரி எந்தக் கிழமை வரும் என்று பக்கத்து வீட்டு ஆளிடம் கேட்டாளாம். அதற்காக. பிராண்டன் வயிற்றில் இருந்தபோது அலமாரிக் கண்ணாடி போயிற்று. இக்னேஷியஸ் பின்னாலிருந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கண்ணாடியில் மோதினார். முதல் மோதலில் விரிசல் விட்டது. இரண்டாவதில் நொறுங்கியது. நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, இக்னேஷியஸ் பாசார் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்து, தானே ஆய்ந்து, பொரித்து வைத்திருந்தார். கண்ணாடி இருந்த இடத்தில் ஒட்டுப்பலகையை அளவாக அறுத்து அடித்திருந்தார். நன்றாகவே பொருந்தியிருந்தது.

ஒரே ஒரு முறை அவள் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிப் போனாள். அவள் அம்மா ஒரு நாள் வைத்திருந்து சோறு போட்டாள். அடுத்த நாள், "சிலுவைன்னு நெனச்சுத் தூக்கிக்கடி" என்று சொல்லி டாக்சி வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு சாந்தமேரி எங்கும் போகவில்லை. பக்கத்து ஊரான மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பிராண்டனுக்குப் பிறகு கிளாரிசா பிறந்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்பது அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தாள்.

கேட்டைத் திறக்கும் சத்தத்திலேயே அன்றைக்கு எப்படி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். இரும்பு கேட் சுவரில் மோதித் திறந்தால், பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு அறைக்கு ஓடுவாள். அலமாரியின் இடது பக்கம் சேலைகளுக்குக் கீழே காலியாக இருக்கும். இருவரையும் உள்ளே உட்கார வைப்பாள். "சத்தம் வரக்கூடாது. பாப்பா அழுதா அப்பா கண்டுபுடிச்சிருவாரு. பாத்துக்கடா" என்று பிராண்டனிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுவாள். சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போவாள். அடி வாங்குவாள்.

"எங்கடி அதுங்க?" என்று இக்னேஷியஸ் கேட்பார்.

"டியூஷன்" என்பாள்.

பெல்ட்டை உருவிக்கொண்டு சமையலறை, குளியலறை, கட்டிலுக்கு அடியில் என்று தேடுவார். அலமாரியை ஒரு நாளும் திறந்ததில்லை. எல்லாம் ஓய்ந்து அவர் குறட்டை விட ஆரம்பித்ததும் அவள் போய்ப் பூட்டைத் திறப்பாள். பையன் முழித்துக்கொண்டிருப்பான். சின்னது அவன் மடியில் துவண்டு தூங்கியிருக்கும். இவ்வளவு கூச்சலிலும் குழந்தை தூங்கிவிட்டதே என்று மாதாவுக்கு நன்றி சொல்லி, தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பாள்.

பிள்ளைகள் மேல் ஓர் அடி விழாமல் வளர்த்தேன் என்பதுதான் அவள் வாழ்க்கையில் அவள் பெருமைப்பட்ட ஒரே விஷயம். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அலமாரியைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் தடவித் துடைப்பாள்.

போன வருஷம் தவக்காலத்தில் இக்னேஷியஸ் ஈரல் கெட்டுப் போய்ச் செத்தார். கடைசி வாரத்தில் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டார். டாக்டர் கொடுக்க வேண்டாம் என்றிருந்ததால் அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அப்போதும் அவர் கையைத் தூக்கினால் அவள் தலை தானாகப் பின்னால் போயிற்று. அடக்கம் முடிந்து சில மாதங்களில் வீட்டுக்காரச் சீனர் வந்து வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். சாந்தமேரிக்கு அதில் வருத்தம் இல்லை. மேருவில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே நாலாம் மாடியில் ஒரு ஃபிளாட்டைப் பார்த்து முடித்தாள்.

வீடு மாறும் சனிக்கிழமை காலையில் தம்புசாமி லோரியோடு வந்தார். வீடு மாற்றிக் கொடுப்பதும் பழைய சாமான் வாங்குவதும் அவர் தொழில். கூட அவர் மைத்துனர். பிராண்டன் வந்திருந்தான். ஏர்கண்டிஷன் மெக்கானிக், அப்பாவைப் போலவே அகலமான தோள். அவன் மனைவி வாணிக்கு அன்றைக்குக் கடையில் வேலை. கிளாரிசா சுபாங் ஜெயாவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதாகிறது. இன்னும் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்க மாட்டாள், அறைக் கதவையும் மூட மாட்டாள். அது ஏதோ நவீனப் பழக்கம் என்று சாந்தமேரி நினைத்திருந்தாள்.

"அக்கா, எது உங்களோட வருது, எது எனக்கு, எது குப்பைன்னு சொல்லிடுங்க" என்றார் தம்புசாமி. கேட்டுக்கொண்டே கட்டிலைக் கழற்றி, அதன் நீளச் சட்டங்களைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"மேசை நீங்களே எடுத்துக்கங்க. ஸ்டூலு குப்பை. கட்டிலும் வேணாம்" என்றாள் சாந்தமேரி.

"அப்பா நாற்காலி எனக்கு" என்றான் பிராண்டன். இக்னேஷியஸ் கால் நீட்டிப் படுக்கும் பிரம்பு சாய்வு நாற்காலி அது.

"அது எதுக்கு உனக்கு?" என்று கிளாரிசா கேட்டாள்.

"ஞாபகமா இருக்கட்டும்."

"என்ன ஞாபகம்? அதுல உக்காந்துக்கிட்டுதான அம்மாவைப் பெல்ட்டு எடுத்துட்டு வரச் சொல்லுவாரு?"

"காலையிலயே ஆரம்பிக்காத லா, கிளாரி."

சாந்தமேரி இருவருக்கும் நடுவில் வந்தாள். "சண்டை வேணாம். அவனுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போவட்டும். எனக்கு அலமாரி மட்டும் போதும். தம்புசாமி, இது லிஃப்ட்ல போவுமா?"

"கதவைக் கழட்டுனா போவும்க்கா."

கிளாரிசா அலமாரியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "அது வேணாம்மா."

"தேக்குடி. இப்ப இந்த மாதிரி எங்க கிடைக்குது?"

"எதா இருந்தாலும் வேணாம். அது அங்க வந்துச்சுன்னா நான் உங்க வீட்டுக்கே வரமாட்டேன்."

சாந்தமேரிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னாள். "என்னடி பேசற? உங்கப்பா ஒரு அடி உங்க மேல வைக்க விட்டேனா நான்? ஒரு அடி? இதுதான்டி உங்க ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு."

"காப்பாத்துச்சா?" கிளாரிசாவின் குரல் உயரவில்லை. "உள்ள என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? வெளிய நீங்க கத்துவீங்க. உள்ள இருட்டு. நான் அழுவேன். இவன் என் வாயைப் பொத்துவான். வாயை மட்டும் இல்லம்மா, மூக்கையும் சேத்து. நான் உதைப்பேன், கடிப்பேன். விட மாட்டான். காது ரெண்டும் அடைச்சுக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. நீங்க கதவைத் தொறக்கும்போது நான் தூங்கலம்மா. ஒரு நாளும் தூங்கல."

முன்னறையில் தம்புசாமியின் மைத்துனர் எதையோ தூக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சாந்தமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். துவண்டு கிடந்த குழந்தையின் ஈரக் கன்னம் அவள் கையில் படுவது போலிருந்தது.

"டிராமா போடாத" என்றான் பிராண்டன். அவன் முகம் கறுத்துவிட்டது. "எந்தக் காலத்துக் கதையை வெளியாளுங்க முன்னாடி பேசற? வாயை மூடு."

"மூட மாட்டேன். அப்பா மாதிரியே பேசற நீ. வாணிகிட்டயும் இப்படித்தான பேசற? பேச்சு மட்டும்தானா, இல்ல..."

அவள் முடிக்கவில்லை. பிராண்டன் இரண்டு எட்டில் அவளிடம் போய்விட்டான். வலது கையால் அவள் வாயைப் பொத்தினான். கட்டைவிரல் தாடை எலும்புக்கு அடியில் அழுந்தியது. இடது கை முடியைப் பிடித்தது. அப்படியே அவளைப் பின்னால் தள்ளி, தலையை அலமாரியின் ஒட்டுப்பலகைக் கதவில் மோதினான். பலகை 'டம்'மென்று அதிர்ந்தது. "மூடுன்னு சொன்னேன்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு, இன்னொரு முறை மோதினான்.

சாந்தமேரி கட்டில் சட்டத்தை எப்போது எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. அது மூன்று முழ நீளம், இரண்டு கையாலும் பிடித்தால்தான் தூக்க முடியும். முதல் அடி அவன் வலது முன்கையில் விழுந்தது. பச்சைக் கொப்பை முறிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. கை கிளாரிசாவின் வாயிலிருந்து தானாக விழுந்தது. அவன் திரும்புவதற்குள் இரண்டாவது அடி தோளில் இறங்கியது. பிராண்டன் முட்டி போட்டு விழுந்தான். "எட்றா கையை! எட்றா!" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கை ஏற்கெனவே எடுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது அடிக்கு அவள் சட்டத்தைத் தலைக்கு மேல் ஓங்கியபோது தம்புசாமி பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்தார்.

"அக்கா! விடுங்கக்கா! உங்க மவன்க்கா!"

ஒரு குச்சியைக்கூட யார் மேலும் ஓங்கியறியாத கை. அந்த மூன்றாவது அடி அவன் மண்டையில்தான் விழுந்திருக்கும். அவளுக்கு அது தெரிந்தே இருந்தது. அதைவிடப் பயங்கரம், அவள் கைக்கு நிறுத்த மனமில்லை. அடித்த ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சுக்குள் என்னவோ இறங்கி லேசானது. யாரை அடிக்கிறாள் என்பதுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. தம்புசாமி சட்டத்தைப் பிடுங்கி வெளியே எறிந்த பிறகு, அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

கிளாரிசா அலமாரிக்குக் கீழே சரிந்து கிடந்தாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வாயைத் திறந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, குப்பைக்கு ஒதுக்கிய ஸ்டூலின் ஆணி அடித்த காலைப் பிடுங்கி, ஒரு துண்டோடு எடுத்துவந்து, அண்ணன் பக்கத்தில் முட்டி போட்டு, அவன் கையை அசையாமல் கட்டினாள். அது அவள் தொழில். கட்டி முடிக்கும் வரைக்கும் அவன் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பிறகு குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

தம்புசாமியின் லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முன் சீட்டில் தம்புசாமி, சாந்தமேரி, பிராண்டன் மூன்று பேர். கிளாரிசா வர மறுத்துவிட்டாள். பின்னால் பாதி ஏற்றிய மேசை நாற்காலிகள் குலுங்கின. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பிராண்டன் முனகினான்.

அவசரப் பிரிவில் ஒரு மலாய் டாக்டர், சின்ன வயதுப் பெண், என்ன நடந்தது என்று கேட்டார்.

"மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று பிராண்டன் மலாயில் சொன்னான்.

இதே கட்டடத்தில், இதே பதிலைச் சாந்தமேரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவள் வீட்டில் மாடிப்படியே கிடையாது. யாரும் கேட்டதில்லை.

"விழல, டாக்டர். நான்தான் அடிச்சேன். கட்டையால" என்றாள், தனக்குத் தெரிந்த மலாயில்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் நெற்றித் தழும்பைப் பார்த்தார். பிராண்டனிடம், போலீசில் புகார் செய்ய விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவன் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆன்டி, வீட்ல உங்களுக்குப் பயம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

சாந்தமேரி திகைத்துப்போனாள். அடி வாங்கிய காலமெல்லாம் ஒருவரும் கேட்காத கேள்வி, அவள் ஒருத்தனின் கையை உடைத்த அன்றைக்கு வந்தது. "இப்ப இல்ல" என்று சொன்னாள். அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மாவுக்கட்டு போட்டு முடிந்து இருவரும் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தார்கள். வாணிக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது. அவள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறாள். கோமுட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

பிராண்டன் இடது உள்ளங்கையை விரித்து அம்மாவின் முன்னால் நீட்டினான். விரல்களுக்குக் கீழே, பிறை மாதிரி சின்னச் சின்னப் பல் தடங்கள், வெளுத்துப் போய்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, பாப்பா அழுதா அவரு கண்டுபுடிச்சிருவாருன்னு. பாத்துக்கடான்னு. நான் என்ன செய்வேன்? எனக்கு ஒம்பது வயசு. கண்டுபுடிச்சா அவரு உங்களைக் கொன்னுருவாருன்னு நெனச்சேன். அவ கடிச்சா கடிக்கட்டும்னு விட்டேன்."

அழுதான். மூக்கைத் துடைக்க வலது கையைத் தூக்கப் போய் வலியில் நெளிந்தான். சாந்தமேரி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அப்ப ஒனக்கு ஒம்பது வயசுடா" என்றாள். "இன்னைக்கு என்ன வயசு?"

அவன் விரித்த கையை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

"வாணி மேல கை வச்சிருக்கியா?"

நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அது மூலை திரும்பும் வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு தடவ" என்றான். கொஞ்சம் கழித்து, "ரெண்டு தடவ."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் எண்ணிக்கை கூடும் என்று அவளுக்குத் தெரியும்.

வாணி மூச்சு வாங்க வந்தாள். "அத்தை, என்னாச்சு? யாரு அடிச்சா?"

"நான்தான்மா. கிளாரியோட வாயைப் பொத்தித் தலையைக் கதவுல மோதுனான். அடிச்சேன்." சாந்தமேரி மகன் முன்னாலேயே சொன்னாள். "உன்னையும் அடிச்சிருக்கானாம். இப்பதான் சொன்னான். இன்னொரு தடவ கை வச்சான்னா, பையைத் தூக்கிக்கிட்டு நேரா மேருக்கு வந்துரு. என்னைக் கேக்கணும்னு இல்ல. அவனையும் கேக்கணும்னு இல்ல."

வாணி மருந்துப் பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். புருஷன் எழுந்து நிற்கும்போது அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். போகும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

சாந்தமேரி வீட்டுக்கு வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வீடு காலியாகியிருந்தது. அலமாரி மட்டும் அதன் இடத்திலேயே நின்றது. கிளாரிசா வெளியே போர்ச்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கி ஒரு பக்கம் தொங்கியது.

தம்புசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, வேணாம்னா நான் எடுத்துக்கறேன். நல்ல தேக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல ஒருத்தரு இந்த மாதிரி பழசுக்குத்தான் அலையறாரு. பாலிஷ் போட்டா யாராவது வீட்ல ராஜா மாதிரி நிக்கும்."

யாராவது வீட்டில். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும். ஒளிந்து விளையாடும். சாந்தமேரி மகளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி செய்யலாம் அதை?"

"நீங்களே முடிவு பண்ணுங்க."

"நான் பண்ணுன முடிவெல்லாம் போதும். நீ சொல்லு."

கிளாரிசா வெகுநேரம் யோசிக்கவில்லை. "உடைக்கணும்."

தம்புசாமி கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவரே லோரியிலிருந்து கடப்பாரையும் பெரிய சுத்தியலும் எடுத்துவந்து கொடுத்தார். நாலு பேரும் சேர்ந்து அலமாரியை வெளியே இழுத்துப் போட்டார்கள். முதல் அடி கிளாரிசாவுடையது. கடப்பாரையை ஒட்டுப்பலகையில் குத்தினாள். பாதிதான் இறங்கியது. காலால் உதைத்தாள். கால் உள்ளே போய்விட்டது, செருப்போடு. இழுத்துக்கொண்டு மறுபடியும் உதைத்தாள். அழுதுகொண்டே உதைத்தாள். கதவு கீலோடு பிய்ந்து தொங்கியது.

வெயில் அப்போதுதான் அலமாரியின் உள்ளே நேராக விழுந்தது. இடது பக்கம், முதுகுப் பலகையின் அடியில், ஒரு முழ உயரத்துக்கு மரம் முழுக்கக் கீறல்கள். சின்ன நகங்கள் பறண்டியவை. அதற்குக் கீழே குட்டிக் குட்டிக் குதிகால் பட்டு நசுங்கிய பள்ளங்கள். இத்தனை வருஷமும் சேலைகளுக்கு அடியில் அது இருட்டிலேயே கிடந்தது. வாரா வாரம் எண்ணெய் போட்டுத் துடைத்தவள் வெளிப்பக்கத்தைத்தான் துடைத்தாள்.

சாந்தமேரி குனிந்து அந்தக் கீறல்களில் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் சுண்டுவிரல்கூட அதில் அடங்கவில்லை. பிறகு எழுந்து சுத்தியலை வாங்கினாள்.

தேக்கு அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஓங்கி அடித்தால் சுத்தியல் எகிறித் திரும்பியது. பொருத்துகளைப் பார்த்து அடிக்க வேண்டியிருந்தது. முதுகுப் பலகை பிளந்தபோது ஒரு சிலாம்பு தெறித்து அவள் கன்னத்தைக் கீறியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "இதுக்குத்தான எண்ணெய் போட்டேன்! இதுக்குத்தான!" என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினாள். கிளாரிசா அந்தப் பக்கத்திலிருந்து கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். இருவர் கையிலும் கொப்புளம் உடைந்து மரத்தில் ரத்தம் பட்டது.

பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி வேலிக்கு வந்துவிட்டாள். இக்னேஷியஸ் அடிக்கிற நாட்களில் டெலிவிஷன் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தவள். "மேரி, என்ன சத்தம்? எல்லாம் ஓகேவா?" என்று பதறிப்போய்க் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. அலமாரி உடைக்கிறோம்" என்றாள் சாந்தமேரி. கேட்க நினைத்த வேறொன்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

கடைசியில் அது ஒரு விறகுக் குவியலாகக் கிடந்தது. தம்புசாமி அள்ளி லோரியில் போட்டுக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் கொட்டினார். போகும் வழியில் சாய்வு நாற்காலியை இறக்கப் பிராண்டன் வீட்டுக்குப் போனாராம். வாணி வாசலில் நின்றுகொண்டு, "அது உள்ள வரக்கூடாது, அண்ணே" என்று சொல்லிவிட்டாளாம். அதுவும் குவியலோடு சேர்ந்தது.

மேரு ஃபிளாட்டில் சாந்தமேரி பாயில் படுத்தாள். துணிமணி பிளாஸ்டிக் பெட்டிகளில் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கிளாரிசா வந்தாள். ஹாலில் விளக்கை எரியவிட்டு அம்மா பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அண்ணனோடு அவள் பேசவில்லை. கட்டு பிரித்த பிறகு அவன் ஒரு நாள் அவள் கிளினிக் வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். "கேட்டுட்டல்ல, போ" என்றாள். அவ்வளவுதான். கோபத்துக்கு ஒரு கவுன்சிலரைப் பார்ப்பதாகப் பிராண்டன் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னான். போய்க்கொண்டும் இருந்தான். சாந்தமேரி மெழுகுவர்த்தி ஏற்றினாள். நம்பவும் விரும்பினாள்.

ஐந்தாம் மாதம் ஒரு சாயங்காலம் வாணி வந்தாள். தோளில் ஒரு பை. இடது காது சிவந்து வீங்கியிருந்தது. அந்தக் காதில் சரியாகக் கேட்கவில்லை என்றாள். சாந்தமேரி அவளை உள்ளே உட்கார வைத்து, துணியில் ஐஸ் சுற்றிக் கொடுத்தாள். பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிராண்டனின் வேன் கீழே வந்து நின்றது.

அவள் லிஃப்ட்டில் இறங்கிப் போய், லிஃப்ட் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"மேல வராத."

"என் பொண்டாட்டிம்மா. பேசணும். ஒரே ஒரு நிமிஷம்."

"தெரியும். வீட்டுக்குப் போ."

"நீங்களே இப்படிக் குடும்பத்தைக் கெடுத்தா எப்படிம்மா? நகருங்க."

அவன் முஷ்டி இறுகுவதை அவள் பார்த்தாள். தலை பழக்கத்தில் பின்னால் போகப் பார்த்தது. பக்கத்தில் கட்டையும் இல்லை, தம்புசாமியும் இல்லை. நகரவில்லை. பிராண்டன் ஓங்கிய கை அவள் காதை உரசிக்கொண்டு போய் லிஃப்ட் கதவில் விழுந்தது. தகடு உள்ளே குழிந்துவிட்டது. அவன் தன் விரல் முட்டிகளில் கசிந்த ரத்தத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். வேனில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் மாமியாரும் மருமகளும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தார்கள். எழுதிக்கொண்ட போலீஸ்காரர், அந்த ஆள் உங்களுக்கு யார் என்று கேட்டார். மகன் என்றாள் சாந்தமேரி. பெயரையும் முகவரியையும் தெளிவாகச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் வாணி, "அத்தை, உங்களுக்கு இடுப்பு வலிக்குது. ரெண்டு பேரும் எத்தன நாளைக்குத் தரையில படுக்கறது?" என்றாள். கடைத்தெருவுக்குப் போய் இரும்புக் கட்டில் ஒன்று வாங்கினார்கள். தனித்தனியாக அட்டைப் பெட்டியில் வந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து, தலைமாட்டை ஒரு தடவை தலைகீழாக மாட்டி, கழற்றி, மறுபடியும் பூட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு இரண்டு திருகாணி மிச்சம் கிடந்தது. எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று எவ்வளவு தேடியும் தெரியவில்லை. வாணி முதலில் மெல்ல உட்கார்ந்து பார்த்தாள். கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சாந்தமேரியும் உட்கார்ந்தாள்.